நாலு சக்கரத்தில் மூன்று ராஜாக்கள்

லிங்கராஜபுரத்தில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு பாறை இருக்கிறது. இரண்டு ஆள் உயரம் இருக்கும். அதை உடைத்துவிட்டு வீடு கட்டலாம் என்று வந்தவர்கள் எல்லாம் உடைக்கிற செலவைக் கேட்டுவிட்டு வந்த வழியே போய்விட்டார்கள். அவர்கள் போனது நல்லதாய்ப் போயிற்று. மற்றத் தெருக்காரர்கள் காகிதத்தைக் கசக்கிச் சாயம் பூசி மலை செய்துகொண்டிருக்க, நாங்கள் நிஜப் பாறையின் உச்சியில் கிறிஸ்துமஸ் குடில் போடுகிறோம்.

மாதா, சூசையப்பர், மாடு, கழுதை, இடையர்கள் எல்லாரும் கிறிஸ்துமஸுக்கு முன்பே மேலே போய்விடுவார்கள். மூன்று ராஜாக்கள் மட்டும் பாறையடியில் காத்திருப்பார்கள். தூரதேசத்திலிருந்து வருகிறவர்கள் இல்லையா, கொஞ்சம் தாமதம் ஆகத்தான் செய்யும். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் ஞாயிறு சாயங்காலம், தெரு முழுக்கக் கூடிப் பாட, அவர்களை ஒருவர் பாறைமேல் தூக்கிக்கொண்டு போய்ப் பாலன் இயேசுவின் முன்னால் நிறுத்துவார். அந்த ஒருவர் என் அம்மா. எனக்கு நினைவு தெரிந்த காலத்திலிருந்து அம்மாதான். ஏன் அம்மா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

போன வருஷம் அம்மா அந்தப் பாறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன், உள்ளே ஒரு தகடு, நாலு மாதம் வாக்கர், அப்புறம் கைத்தடி. அம்மா நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். நர்ஸைப்போல மோசமான நோயாளி உலகத்தில் கிடையாது. இனிமேல் மேடு பள்ளம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது, "சரிங்க டாக்டர்" என்று பவ்யமாகத் தலையாட்டினாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும், "அந்தப் புள்ளைக்கி என்னா தெரியும்?" என்றாள்.

ஆனால் அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. நவம்பரில் எங்கள் வீட்டில் தெரு ஜெபக்கூட்டம் நடந்தது. முடிந்து டீ குடிக்கும்போது எதிர்வீட்டு ஆன்ட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இந்த வருஷம் நீங்க நிம்மதியா சேர்ல ஒக்காந்துக்குங்க. ராஜாங்கள நான் தூக்கிட்டுப் போறேன்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அம்மாவும் சிரித்துக்கொண்டே, "பாக்கலாம்மா" என்றாள். எல்லாரும் போனபின் அடுக்களையில் அம்மா டம்ளர் கழுவின சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். கடைசியில் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: "அந்த ஒரு நாளுக்காகத்தாண்டி நான் அத்தன எக்சர்சைஸும் பண்ணேன்."

எனக்குக் கோபம் வந்தது. பாறைமேல், டாக்டர்மேல், எலும்பின்மேல், எல்லாவற்றின்மேலும்தான். எனக்குக் கோபம் வந்தால் ஏதாவது ஒன்றைச் செய்தாக வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன என்பது ஆபீஸ் கேன்டீனில் கிடைத்தது. பக்கத்து மேஜைக்காரர் போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கை நீளத்துக்கு ஒரு ரிமோட் வண்டி, கரடுமுரடான பாறையில் ஏறுகிறது. ரிமோட் கார் என்றால் விர்ரென்று ஓடிச் சுவரில் முட்டும், அதுதான் எனக்குத் தெரிந்தது. இது ஓடவில்லை. ஒவ்வொரு சக்கரமாக வைத்து, யோசித்து யோசித்து ஊர்ந்தது. ராக் கிராலர் என்றார். பாறை ஏறுவதற்கென்றே செய்கிறார்களாம். "எதையாவது மேல தூக்கி வெச்சா ஏறுமா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மனிதவளப் பிரிவில் இருப்பவள் கேட்கிற கேள்வியாக அது அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

புதியதின் விலையைப் பார்த்து மூடி வைத்துவிட்டேன். பழையது ஒன்று மல்லேஸ்வரத்தில் விற்பனைக்கு இருந்தது. சனிக்கிழமை ஸ்கூட்டரில் போனேன். விற்பவருக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. வருங்கால மனைவி வருவதற்குள் வீட்டிலிருந்து பொம்மைகளை வெளியேற்றிக்கொண்டிருந்தார். "எல்லா சென்னாகிதெ மேடம், ஏனூ ப்ராப்ளம் இல்லா" என்று கன்னடத்தில் சத்தியம் செய்தார். எல்லாம் நன்றாக இருக்கிற வண்டி ஒருபக்கம் சாய்ந்து நின்றது. சேறு காய்ந்து அப்பியிருந்தது. ரிமோட்டைச் செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். நானும் கொஞ்சம் கன்னடத்தில் முறைத்துவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

"இதென்னாடி, குப்பத்தொட்டிலேர்ந்து பொறுக்கிட்டு வந்தியா?" என்றாள் அம்மா.

"உனக்குத்தான் மம்மி. ராஜாங்கள இதுல வெச்சிக் கட்டிடலாம். நீ கீழ சேர்ல ஒக்காந்து ரிமோட்ட அழுத்து. நீயே மேல கொண்டுபோ."

அம்மா வண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ராஜாங்க என்னா, மார்க்கெட்டுக்குப் போற கோஸ் மூட்டையா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். ஆனால் மறுநாள் காலையில் நான் சாப்பாட்டு மேஜையில் பேப்பர் விரித்து வண்டியைப் பிரித்துப் போட்டபோது, எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். சும்மா, வெயிலுக்காகத்தானாம்.

முதலில் சேற்றைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டினேன். பாட்டரி பூரி மாதிரி உப்பிப்போயிருந்தது. அதைத் தொடவே பயமாக இருந்ததால் பத்திரமாக ஒதுக்கிவைத்து, பழைய பாட்டரி வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிட்டு, எலக்ட்ரானிக் கடைகள் இருக்கிற எஸ்.பி. ரோட்டில் புதிது வாங்கினேன். அதை மாட்டி ரிமோட்டை அழுத்தினால் மோட்டார் மட்டும் கத்துகிறது, சக்கரம் அசையவில்லை. திறந்து பார்த்தால் மோட்டார் தண்டில் இருக்கிற சின்னப் பல்சக்கரம் கழன்று தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை இறுக்கும் திருகு ஒரு கடுகு அளவு. அதுவும் கீழே விழுந்து உருண்டது. நான் மேஜைக்கடியில் மண்டியிட்டுத் திட்டிக்கொண்டிருக்க, அம்மா தன் பழைய ஃபோர்செப்ஸ் இடுக்கியை எடுத்துவந்து, தன் கால் அருகில் கிடந்த திருகைக் குனியாமலே கைத்தடியால் என் பக்கம் ஒதுக்கி, இடுக்கியை என் கையில் கொடுத்தாள். "எங்க ஆபரேஷன் தியேட்டர்ல இப்படிக் கத்தினா டாக்டர் வெளிய அனுப்பிடுவாரு" என்றாள்.

சின்னப் பல்சக்கரமும் அது சுழற்றுகிற பெரிய பல்சக்கரமும் நெருக்கிக்கொண்டிருந்தால் தேய்ந்துபோகும், விலகியிருந்தால் நழுவும். நடுவில் ஒரு தாள் நுழைகிற இடைவெளி வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். காலண்டர் தாளைக் கிழித்து நடுவில் கொடுத்து இறுக்கி, பின் பல்சக்கரத்தைச் சுற்றித் தாளை வெளியே எடுத்தேன். தாளில் பல் பதிந்து வந்தது, கிழியவில்லை. மறுபடி ரிமோட்டை அழுத்தினேன். நாலு சக்கரமும் சேர்ந்து மெதுவாகச் சுழன்றன. நான் கத்தின கத்தலில் அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஸ்டியரிங் எப்போதும் இடப்பக்கமே இழுத்தது. அதையும் கழற்றி நேராக்கி மாட்டினேன். சாய்ந்து நின்றதற்குக் காரணம் ஒரு ஸ்பிரிங் இடம் மாறியிருந்ததுதான். மேலே இருந்த பிளாஸ்டிக் ஜீப் உடம்பை எடுத்துவிட்டு, ஒரு தகரத் தட்டை வைத்துக் கட்டினேன். ராஜாக்கள் ஒவ்வொருவரும் ஒரு சாண் உயரம், கெட்டியான சுண்ணாம்புச் சிலைகள். அவர்கள் நிற்க வேண்டிய இடத்தில் கனம் வைத்து ரப்பர்பேண்ட் போட்டு, வராந்தாவில் அடுக்கின செங்கல்மேல் வண்டியை ஏற்றினேன். முன்சக்கரம் தூக்கின உடனே வண்டி மல்லாக்க விழுந்தது. நல்லவேளை, நான் ராஜாக்களுக்குப் பதில் மூன்று ஜாம் பாட்டிலைத்தான் கட்டியிருந்தேன். ஒன்று உடைந்தது.

கனம் மேலே இருந்தால் கவிழும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். தட்டைக் கீழே இறக்கிக் கட்டினேன். கார் சக்கரத்தைச் சமன் செய்ய ஒட்டுவார்களே, அந்த ஈயக் கட்டிகளை டயர் கடையில் கேட்டு வாங்கிவந்து முன்சக்கரங்களின் உள்பக்கம் ஒட்டினேன். பாட்டரியையும் முன்னால் தள்ளினேன். அடுத்த முறை வண்டி செங்கல் குவியலில் முன்கால் வைத்து, கொஞ்சம் யோசித்து, ஏறியது. ஜாம் பாட்டில்கள் ஆடக்கூட இல்லை.

"குடு இங்க" என்றாள் அம்மா.

முதல் நாள் அவள் விசையை ஒரே அழுத்தாக அழுத்தி வண்டியை ஃபிரிட்ஜில் மோதினாள். நான் சொல்லிக்கொடுக்கப் போனேன், தேவைப்படவில்லை. இரண்டு நாள் தானே அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, "ஓ, இது நரம்புல மருந்து ஏத்தற மாதிரிடி. அவசரப்பட்டா பேஷண்ட் போயிடுவான்" என்றாள். அதற்கப்புறம் அவள் விரல் அழுத்துவதே கண்ணுக்குத் தெரியாது. வண்டி தலையணையில் ஏறியது, அம்மியில் ஏறி இறங்கியது, தூங்கிக்கொண்டிருந்த என் காலின்மேலும் ஒரு மத்தியானம் ஏறியது. ஆனால் பாறைக்கு வந்து பழக மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். தடுமாறுவதை எதிர்வீடு பார்க்கக் கூடாது. அதனால் நான்தான் காலை வேளைகளில் பாறைக்குப் போய், வலப்பக்கச் சரிவில் ஒரு பாதை கண்டுபிடித்துச் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தேன். வண்டி ஒவ்வொரு தடவையும் ஏறியது. நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், இந்த வருஷமும் அம்மாதான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

திருநாளுக்கு முதல் நாள் அம்மா, வண்டியை மந்திரிக்க வேண்டும் என்றாள். எங்கள் பக்கம் ஸ்கூட்டர் வாங்கினாலும் ஆட்டோ வாங்கினாலும் முதலில் கோயிலுக்குக் கொண்டுபோய்த் தீர்த்தம் தெளித்த பிறகுதான் ரோட்டில் ஓட்டுவோம். ராஜாக்களைச் சுமக்கிற வண்டிக்கு இல்லாமலா? எனக்குப் பயம். எலக்ட்ரானிக் சாமானில் தீர்த்தம் பட்டாலும் தண்ணீர் பட்டாலும் ஒன்றுதான். பாலிதீன் உறையால் மூடி எடுத்துப்போய், "ஃபாதர், ஒரே ஒரு சொட்டு" என்று கெஞ்சினேன். ஃபாதர் சிரித்துக்கொண்டே விரல் நுனியில் தொட்டுத் தெளித்தார். உறையைக்கூடக் கழற்றவில்லை. பெரிய ஆபத்தைத் தாண்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிறு காலை, கடைசியாக ஒரு ஒத்திகை பார்க்கலாம் என்று பாறைக்குப் போனேன். எதிர்வீட்டு ஆன்ட்டி அங்கே குடிலின் சீரியல் விளக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வண்டியைச் சாக்பீஸ் கோட்டில் வைத்து அழுத்தினேன். சக்கரம் சுற்றியது. வண்டி ஏறவில்லை. இருந்த இடத்திலேயே வழுக்கியது. கொஞ்சம் பின்னால் எடுத்து மறுபடி. ஒரு முழம் ஏறிச் சரசரவென்று கீழே வந்தது. இத்தனை நாள் ஏறின அதே இடம்.

"பாவம், அக்கா ஆசையா இருக்காங்க" என்றார் ஆன்ட்டி. "ஏறலன்னா சொல்லும்மா, ராஜாங்கள நான் ரெடியா தொடச்சி வெச்சிருக்கேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். ஃபாதரைச் சந்தேகப்பட்டேன், கடவுள் மன்னிப்பார். அந்த ஒரு சொட்டு எங்கேயோ நுழைந்துவிட்டது என்று வண்டியின் எலக்ட்ரானிக் பெட்டியைத் திறந்து பார்த்தேன், பொட்டு ஈரம் இல்லை. பல்சக்கரம் சரியாக இருந்தது. பாட்டரி முழுதாக இருந்தது. திருகுகள் எல்லாம் இறுக்கம். மதியம் ஆகிவிட்டது. சாப்பிடவும் தோன்றவில்லை. அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தாள். வண்டியைத் தூக்கி முகத்துக்கு நேராகத் திருப்பியபோதுதான் ஒரு வாசனை வந்தது. டயரைத் தொட்டேன். விரல் பளபளத்தது.

"மம்மி, டயர்ல என்னா தடவின?"

"நான் எங்கடி தடவினேன்? மாதா கோயில் எண்ணெய். நேத்து ராத்திரி நாலு சக்கரத்துலயும் ஒரு ஒரு சிலுவ போட்டேன், அவ்ளோதான்."

வேளாங்கண்ணியிலிருந்து யார் வந்தாலும் அம்மாவுக்கு ஒரு குட்டிப் பாட்டில் எண்ணெய் கொண்டுவருவார்கள். தலைவலிக்கும் அதுதான், பரீட்சைக்கும் அதுதான், இடுப்புக்கும் அதுதான். வண்டியின் சக்கரத்தை மட்டும் அவள் எப்படி விட்டுவிடுவாள்?

"ஐயோ மம்மி! டயர்ல எண்ணெய் போட்டா வழுக்காதா?"

"மாதா எண்ணெய் வழுக்கி வுடுமா?"

"யாரு எண்ணெயா இருந்தாலும் எண்ணெய் எண்ணெய்தான்! நான் காலைலேர்ந்து பைத்தியக்காரி மாதிரி ஸ்க்ரூவத் திருகிட்டிருக்கேன்!"

நான் போட்ட சத்தத்தில் அம்மாவுக்கு முகம் சிறுத்துப்போயிற்று. "மாதா எண்ணெய்டி" என்று மறுபடி முனகினாள். பிறகு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க முடியவில்லை. அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்து முடித்ததும் நாலு சக்கரங்களையும் கழற்றினேன். அம்மாவே அவற்றைப் வாஷ்பேசினில் போட்டுப் பாத்திர சோப்பால் தேய்த்தாள். கழுவின தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற விடவில்லை, மந்திரித்த எண்ணெய் கலந்தது என்று ரோஜாத் தொட்டியில் ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன். சோப்புத் தண்ணீரில் அந்த ரோஜா செத்தாலும் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

மறுபடி பாறைக்குப் போய்ப் பார்க்க நேரம் இல்லை. சாயங்காலம் தெரு நிறைந்துவிட்டது. அம்மா பட்டுப்புடவை கட்டி, பாறையடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் கைத்தடியை மடியில் குறுக்கே வைத்து உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டு ஆன்ட்டி ராஜாக்களை இறக்கி நிறுத்துவதற்காகப் பாறைமேல் போய் நின்றார். பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் ஏந்திய மூவரையும் தட்டில் வைத்து, ரப்பர்பேண்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். யாரோ ஒருவர், "பொம்ம காரா?" என்று சிரித்ததும் என் காதில் விழுந்தது. பாட்டு ஆரம்பித்தது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டு விசையை அழுத்தினாள்.

சக்கரங்கள் பாறையைக் கவ்வின. வண்டி வலப்பக்கச் சரிவில் சாக்பீஸ் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தது. பாதி உயரம் போயிற்று. அங்கே ஒரு விரிசல். ஒத்திகை நாட்களில் ஜாம் பாட்டிலோடு தாண்டின விரிசல்தான், ராஜாக்கள் அதைவிடக் கனம். முன்சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டது. சாம்பிராணி ராஜா பின்னால் சாய்ந்தார். பாட்டு அப்படியே நின்றுவிட்டது. என்னையறியாமல் ரிமோட்டைப் பிடுங்கக் கையை நீட்டிவிட்டேன்.

"கைய எடுடி" என்றாள் அம்மா, பாறையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வண்டியைப் பின்னால் எடுத்தாள். ஒரு சாண். இன்னும் ஒரு சாண். பின் அதன் முகத்தைத் திருப்பி இடப்பக்கம் விட்டாள்.

"மம்மி, அந்தப் பக்கம் செங்குத்து!"

"எனக்குத் தெரியும். அங்க கால் வெக்கிற எடம் இருக்கு."

கோடும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் உதடு மட்டும் அசைந்தது. "இங்க ஒரு காலு... இப்ப வலது... கொஞ்சம் ஒதுங்கி..." நான் எத்தனையோ காலையில் அந்தப் பாறையைத் தடவித் தடவிப் பார்த்தவள். இடப்பக்கம் படி படியாய்க் குழிகள் இருப்பது என் கண்ணில் படவே இல்லை. அம்மா வருஷா வருஷம் வெறுங்காலோடு ஏறின வழி அது. வண்டி ஒவ்வொரு குழியிலும் சக்கரத்தை வைத்து வைத்து ஏறியது. கடைசிக் குழியில் ஒரு கணம் திணறியது. அம்மாவின் விரல் ஒரு நூல் அளவு அழுந்தியது. மூன்று ராஜாக்களும் ஒரு குலுக்கலோடு குடிலின் வைக்கோலுக்குள் போய் நின்றார்கள்.

தெரு அலறியது. விசில் அடித்தார்கள், பட்டாசு வைத்தார்கள். பாட்டு எங்கே நின்றது என்று யாருக்கும் நினைவில்லாததால் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். நான் கூச்சமே இல்லாமல் அழுதேன். அவ்வளவு பெருமையாக என் வாழ்க்கையில் எந்த வேலையையும் முடித்ததில்லை. மேலே எதிர்வீட்டு ஆன்ட்டியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ராஜாக்களை ஒவ்வொருவராக இறக்கினார். "பொன்னு வெச்சிருக்கறவரு முன்னாடி, மாதா பக்கம்!" என்று கீழேயிருந்து அம்மா அதட்டினாள். ஆன்ட்டி சொன்னபடி நகர்த்தினார்.

பிறகு அவர் குனிந்து, "அக்கா, எறங்கறது கஷ்டம். வண்டிய நான் கையில தூக்கிட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டார்.

"யாரும் தூக்க வோணாம்" என்றாள் அம்மா. "ஏறனவளுக்கு எறங்கவும் தெரியும்."

அம்மா வண்டியின் முகத்தை எங்கள் பக்கம் திருப்பினாள்.